எந்த மொழியில் வலிக்கிறது?

அத்தை,

அப்பாவின் சட்டை என் மடியில் கிடக்கிறது. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவரைப் படுக்க வைத்திருக்கிறார்கள். மார்பில் வயர் ஒட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றி, நர்ஸ் என் கையில் திணித்துவிட்டுப் போனார். அதன் ஓரத்தில் செயின் கிரீஸ் அப்பியிருக்கிறது. பையில் ஏதோ சரசரத்தது. கைவிட்டுப் பார்த்தேன். இஞ்சி மிட்டாய். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி.

கிரீசும் இஞ்சியும் சேர்ந்த வாசனை. இது உங்கள் வாசனை அல்லவா? நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த வாசனைக்கு அப்பா சட்டையில் என்ன வேலை?

அப்பா இஞ்சி மிட்டாய் தின்கிறவர் இல்லை. "மிட்டாய் தின்ன நான் என்ன பச்சப் பிள்ளையா" என்று கேட்கிறவர். அப்படிப்பட்டவர் யாருக்கும் தெரியாமல் பையை நிரப்பி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் என்றால், எத்தனை நாளாகத் திரிகிறார்? இதைக் கேட்கத் தோன்றிய முதல் ஆள் நீங்கள்தான். பதில் தெரிந்த ஆளும் நீங்களாகத்தான் இருக்கும்.

டாக்டர் இன்னும் வெளியே வரவில்லை. அதுவரை உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். போனில் தட்டுவதால், அம்மா தூரத்திலிருந்து பார்த்து, நான் கேம் விளையாடுகிறேன் என்று முறைக்கிறாள்.

நீங்கள் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு, நம் வலியசாலை வீட்டுக்கு வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? ஒரு பெட்டி, ஒரு குடை, ஒரு தையல் மிஷினின் தலை. கால் இல்லை. "கால் எங்க அத்தே?" என்று கேட்டேன். "அது பொறவு வரும்" என்றீர்கள். கடைசி வரை வரவில்லை. அப்பா வாசலில் நின்றபடியே, "வந்துட்டாளே பாதிராணி" என்றார். உங்களுக்கு அண்ணன் வைத்த பட்டம் அது. பாதியில் விட்ட இந்தி வகுப்பு, பாதியில் விட்ட டிரைவிங் ஸ்கூல் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் வாய் சும்மா இராமல், "பாதிக் கல்யாணம்" என்று சேர்த்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். நீங்கள்தான் சிரித்தீர்கள். "பாதி கூட இல்லலே மக்கா. அது கால்வாசி."

அன்றே நான் உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

கழக்கூட்டத்துக் கம்பெனி ஒன்றில் சம்பளப் பிரிவில் உங்களுக்கு வேலை. அங்கே போய்த்தான் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்தீர்கள். பெண்களெல்லாம் ரோட்டோரம் அடுப்பு வைத்துப் பொங்கலிடுகிற பொங்காலைக்கு முந்தின நாள் ஊரில் ஒரு சரக்கு ஆட்டோ கிடைக்காது; அடுப்புக்குச் செங்கல் எப்படிக் கொண்டு போவது என்று கூட வேலை பார்க்கும் அக்காமார் புலம்பியிருக்கிறார்கள். அவர்கள் கூட்டமாக அடுப்புக் கூட்டுகிற இடம் மேட்டுக்கடை. "என்கிட்ட வண்டி இருக்குலா, நான் கொண்டாந்து போட்டுருகேன்" என்று சொல்லிவிட்டீர்கள். இருந்ததோ ஒரு குடை.

வீட்டுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள். "மக்கா, ஒரு பொய் சொல்லிட்டேன். அதுக்கு மூணு சக்கரம் வேணும்."

உலகத்தில் எத்தனையோ பேர் பொய்க்குக் கால் கிடையாது என்கிறார்கள். சக்கரம் வைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஆக்ரிக் கடையில், பழைய இரும்புக் குவியலுக்குள் தலைகீழாக நின்று தேடினோம். இரண்டு லேடீஸ் சைக்கிள் கிடைத்தது. ஒன்றுக்கு ஹேண்டில் இல்லை, இன்னொன்றுக்குப் பின்சக்கரம் இல்லை. "பாதியும் பாதியும் சேந்தா முழுசுதானே" என்றீர்கள். கிரில் பட்டறையில் கொடுத்து இரண்டையும் முன்னும் பின்னுமாக ஒட்ட வைத்தோம். பின்னால் ஒரு அச்சு, அதில் இரண்டு சக்கரம், மேலே செங்கல் வைக்க ஒரு இரும்புத் தொட்டி. முன் சீட்டில் நீங்கள், பின் சீட்டில் நான். இரண்டு பெடலையும் ஒரே செயினால் இணைத்தோம். நீங்கள் மிதித்தால் என் காலும் சுற்றும். நான் சோம்பினால் உங்கள் காலுக்குத் தெரிந்துவிடும். "ஏய், சும்மா காலத் தொங்கப் போட்டுட்டு வராத" என்று திரும்பாமலே திட்டுவீர்கள்.

பிரேக் கம்பி நீளம் போதவில்லை. அதனால் பிரேக் என் கைக்கு வந்தது. ஹேண்டில் உங்களிடம், பிரேக் என்னிடம். ரோட்டைப் பார்ப்பது நீங்கள், நிறுத்துவது நான். எனக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் உங்கள் முதுகும் பின்னலும்தான். இந்த ஏற்பாட்டில் என்னவோ சரியில்லை என்று அப்போதே தோன்றியது. சரி, கம்பி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

வண்டியை முதலில் தெருவுக்கு இறக்கியபோது, முக்கில் நிற்கும் ஆட்டோக்கார பினு சேட்டன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"சேச்சி, சாதனம் கொள்ளாம். பட்சே கயற்றத்தில் வலிக்குமோ?"

வண்டி ஜோர், ஆனால் ஏற்றத்தில் இழுக்குமா என்று கேட்டார் மனிதர். நீங்கள் உடனே, ரொம்பப் பொறுப்பாக, "வலிக்காது தம்பி. சீட்டுல கனமா ஸ்பாஞ்சு வச்சிருக்கு" என்றீர்கள்.

பினு சேட்டன் என்னைப் பார்த்தார். நான் நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்தேன். என் தமிழ் பாதி மலையாளம். உங்கள் மலையாளமோ முழுக்கத் தமிழ். இங்கே வலிப்பது என்றால் இழுப்பது, நம் வலிக்கு இவர்கள் சொல்வது வேதன என்று நான் விளக்கிச் சொன்ன பிறகு, நீங்களும் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். "அப்பம் வலியசாலைன்னா, வலிக்கிற சாலையாலே?"

அன்றிலிருந்து அதுவே நம்முடைய கோஷம். பின்னாலிருந்து நான் "வலிக்குதா?" என்று கத்துவேன். முன்னாலிருந்து நீங்கள் "வலிக்குது!" என்று கத்துவீர்கள். கிள்ளிப்பாலத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற தமிழ்க்காரர்கள் பதறிப்போய்ப் பார்ப்பார்கள். மலையாளிகள் தலையாட்டிப் பாராட்டுவார்கள். நான் அதோடு விட்டேனா? தொட்டியின் பின்பக்கத் தகரத்தில் சிவப்புப் பெயிண்டால் "வலிக்கும்" என்று எழுதினேன். இடது பாதியில் தமிழ் எழுத்து, வலது பாதியில் மலையாள எழுத்து. ஒரே சொல். மலையாளத்தில் விளம்பரம், தமிழில் எச்சரிக்கை.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்ல வார்த்த எழுதக் கூடாதாலே? வண்டிக்குப் பொறத்த இப்பிடியா எழுதுவாவ?" என்றாள். முகம் சரியாக இல்லை. "மலையாளத்துல வாசிங்கம்மா" என்றேன்.

இப்போது உட்கார்ந்து கோர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நினைவுக்கு வருகிறது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் இடது கை ஹேண்டிலை விட்டுவிட்டுக் கீழே தொங்கும். இரண்டு உதறு உதறுவீர்கள். "க்ரிப்பு இறுக்கமா இருக்கு மக்கா." புது க்ரிப்பு மாற்றினேன். பிறகும் உதறினீர்கள். பாலம் ஏறும்போது செயின் கழன்றதாகச் சொல்லி இறங்குவீர்கள். நான் குனிந்து பார்த்தால் செயின் இருந்த இடத்தில் இருக்கும். நிமிர்ந்தால் நீங்கள் மதிலைப் பிடித்துக்கொண்டு, இஞ்சி மிட்டாயின் காகிதத்தைப் பல்லால் பிய்த்துக்கொண்டிருப்பீர்கள். "கேஸு. காலைல கெழங்கு தின்னேம்லா." உங்களுக்குக் கேஸ் அதிகம் என்பது தெருவுக்கே தெரிந்த செய்தி. "கேஸ் அத்தை, நம்ம வண்டிக்குப் பெட்ரோலே வேண்டாம்" என்று நான் அடித்த ஜோக்குக்குச் சத்தமாகச் சிரித்தீர்கள். சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது.

பொங்காலைக்கு முந்தின ஞாயிறு. மேட்டுக்கடை ஏற்றத்தில் சோதனை ஓட்டம். தொட்டியில் பாதிச் சுமைக்குச் செங்கல் அடுக்கினோம். மாசி வெயில் காலையிலேயே முதுகைக் கடித்தது. காற்று கொஞ்சமும் இல்லை. தெரு நாய்கூட எழுந்து குரைக்காமல், படுத்தபடியே நம்மைக் கண்ணால் வழியனுப்பியது. அப்பா வாசலில் நின்று, "பாதி ஏத்தத்துல நின்னா போன் பண்ணு பாதிராணி, கயிறு கொண்டு வாறேன்" என்றார். நீங்கள் பதிலுக்குப் பழிப்புக் காட்டினீர்கள்.

ஏற்றத்தின் பாதி வரை நன்றாகத்தான் போனோம். அங்கே ஒரு வளைவு. வளைவு முடிந்ததும் ரோடு சட்டென்று நிமிர்ந்து நிற்கும். அந்த இடத்தில்தான் என் காலுக்குத் தெரிந்தது. கண்ணுக்கில்லை, காதுக்கில்லை, காலுக்கு. பெடலில் உங்கள் பாரம் திடீரென்று இல்லாமல் போனது. மொத்த வண்டியும் என் முழங்காலில் வந்து உட்கார்ந்தது. ஒரு சுற்று. பிறகு உங்கள் பாரம் திரும்பி வந்தது, முன்னைவிட முரட்டுத்தனமாக.

"அத்தே, வலிக்குதா?"

"வலிக்குது."

நீங்கள் கத்தவில்லை. அதுதான் வித்தியாசம். எப்போதும் தெரு முழுக்கக் கேட்கும் சொல், அன்று எனக்கு மட்டும் கேட்டது. உங்கள் ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. திருவனந்தபுரத்தில் மாசியில் யார் முதுகுதான் நனையாது? ஆனாலும் என் விரல் பிரேக்கைத் தொட்டுவிட்டது.

"எந்த மொழியில அத்தே?"

நீங்கள் பெடலை இன்னும் ஓங்கி மிதித்தீர்கள்.

"மலையாளம்தாம்லே" என்றீர்கள். "பாதி முடிஞ்சுட்டு மக்கா. மீதிய மிதி."

விரலை எடுத்துவிட்டேன். மிதித்தேன். ஏறிவிட்டோம்.

ஊர் முழுக்க டிமிக்கி கொடுப்பவன் நான். ஒன்றாம் வகுப்பிலிருந்து இது என் தொழில். அப்படிப்பட்ட எனக்கே, ஒரே சொல்லில், முதுகைக் காட்டிக்கொண்டே டிமிக்கி கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். இதற்காக உங்களைப் பாராட்டுவதா, சண்டை போடுவதா என்று ஒரு வருஷமாகத் தெரியவில்லை.

மேலே போனதும் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தீர்கள். ஏறி வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தீர்கள். "ஏறிட்டு, பாத்தியா? முழுசா ஏறிட்டு." முகம் சாம்பல் பூசியது போல இருந்தது, அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் சோடா வாங்கி வந்தேன். பாதி குடித்துவிட்டு வைத்தீர்கள்.

இறக்கத்தில் ஹேண்டில் ஆடியது. வழி நெடுக நான் பிரேக்கை விடவே இல்லை. வீட்டுக்கு வந்து, நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, நீங்கள் மாடிப்படிக்குக் கீழே வண்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். கையில் செயின் துடைக்கும் துணி. துடைக்கவில்லை.

"மக்கா."

"என்ன அத்தே, வலிக்குதா?" என்றேன், வழக்கம் போல.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அன்று முழுவதும் முகத்துக்கு முகம் பார்த்தது மேட்டிலும் அங்கேயும் மட்டும்தான்.

"தமிழ் மக்கா" என்றீர்கள்.

பினு சேட்டனின் ஆட்டோவில் உங்கள் தலை என் தோளில் இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஓடி வந்து, "எந்தா பற்றியது?" என்று கேட்டார். நீங்கள் நெஞ்சைத் தொட்டு, "வலிக்குது" என்றீர்கள். "வலிவாணோ? ஆஸ்த்மா உண்டோ?" என்று அவர் மூச்சிழுப்புக்கு மருந்து தேடத் திரும்பியபோது, நான் அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி அலறினேன்: "வலிவல்ல சிஸ்டரே, தமிழாணு! வேதனயாணு! நெஞ்சுவேதன!"

உடனே புரிந்துகொண்டார்கள். உடனே உள்ளே கொண்டு போனார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. வெளியே வந்த டாக்டர், இது காலையிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, கூடப்பிறந்தவர் என்றால் அவரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார். அப்பா தலையாட்டினார். அது மலையாளத் தலையாட்டலா தமிழ்த் தலையாட்டலா தெரியவில்லை. எதுவானாலும், அவர் போகவில்லை.

பொங்காலை அன்று ஊரெல்லாம் ரோட்டோரம் அடுப்பு எரிந்தது. நம் வீட்டில் மட்டும் எரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. ஜன்னல் வழியாக வந்த புகையில் எல்லோருக்கும் கண் எரிந்தது. அழாதவர் யார், அழுதவர் யார் என்று கணக்கெடுக்க முடியாத நாள்.

இந்த வருஷம் பொங்காலை நெருங்கியதும் உங்கள் ஆபீஸ் அக்காமார் அம்மாவுக்குப் போன் செய்தார்கள். செங்கல் கேட்க அல்ல, உங்களை நினைத்துக்கொண்டு. பேச்சுவாக்கில் யாரோ செங்கல் என்றார்கள். அப்பா போனை வாங்கி, "வண்டி இருக்குலா, நான் கொண்டாந்து போடுகேன்" என்று சொல்லிவிட்டார். உங்கள் அண்ணன்தானே.

நான் வேண்டாம் என்றேன். மொபெட்டில் நாலு நடை அடிக்கலாம் என்றேன். கேட்கவில்லை. ஆகவே மாடிப்படிக்குக் கீழிருந்து வண்டியை எடுத்துத் துடைத்தேன். பிறகு பினு சேட்டனிடம் ஒரு பழைய ஆட்டோக் கண்ணாடி வாங்கி ஹேண்டிலில் பொருத்தினேன். அப்பா ஏறி உட்கார்ந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்குலே இது? பொறத்த வாற வண்டி ஒண்ணும் தெரியல. என் மூஞ்சிதாம்லா தெரியுது."

"எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்" என்றேன். "தொடாதீங்க."

இன்று காலை வலியசாலையிலிருந்து கிளம்பினோம். முழுச் சுமை. போன வருஷம் போலவே காற்றில்லை. அப்பாவின் முதுகை இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை அத்தை. அது உங்கள் முதுகு. பின்னல் மட்டும்தான் இல்லை. பிடரியில் வேர்வை இறங்குகிற வழிகூட ஒன்றுதான். வளைவு வரும் முன்பே என் விரல் பிரேக்குக்குப் போய்விட்டது.

வளைவு முடிந்தது. ரோடு நிமிர்ந்தது. என் காலில் பாரம் வந்து உட்கார்ந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். அப்பா வாயை மூடிக்கொண்டு தாடையை இறுக்கியிருந்தார். இடது கை ஹேண்டிலை விட்டு இறங்கி, ஒரு உதறு உதறியது.

"அப்பா, வலிக்குதா?"

"வண்டிதானே? வலிக்குதுலே, ஜோரா வலிக்குது."

"எந்த மொழியில?"

"மலையாளம்தாண்டே. மிதி. பாதிராணியே ஏறுன ஏத்தம், நான் பாதியில நின்னா அவ மேல இருந்து சிரிப்பால்லா."

கண்ணாடியில் இருந்த முகம் தமிழில் இருந்தது.

பிரேக்கை முழுக்கப் பிடித்தேன். வண்டி குலுங்கி நின்றது. தொட்டியிலிருந்து இரண்டு செங்கல் சரிந்து ரோட்டில் விழுந்து உடைந்தது. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்துத் தீர்த்தது. அப்பா கத்தினார். பாதி ஏத்தத்துல மானத்த வாங்குதியே, இறங்கு, நான் ஒத்தையா மிதிக்கேன், இன்னும் என்னென்னவோ. நான் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை அண்டை கொடுத்துவிட்டு, பினு சேட்டனுக்குப் போன் போட்டேன். ஆட்டோ வந்து நிற்பதற்குள் அப்பாவின் கத்தல் தானாகவே அடங்கிவிட்டது. அந்த அடக்கத்தைப் பார்த்துதான் நான் நிஜமாகப் பயந்தேன்.

உள்ளே நுழைந்ததும் நர்ஸ் கேட்கும் முன்பே, "நெஞ்சுவேதன, கூடப்பிறந்த தங்கச்சிக்கும் இதுதான்" என்று மலையாளத்தில் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்திருக்கிறேன் போல. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

வண்டி இன்னும் மேட்டுக்கடை ஏற்றத்தில், வளைவுக்கு மேலே, பாதியில் நிற்கிறது. நாளைக்கு அடுப்புக் கூட்ட வருகிறவர்கள் அந்தச் செங்கல்லை எடுத்துக்கொள்ளட்டும். பின்னால் "வலிக்கும்" என்று எழுதியிருக்கிறது. அவரவர் மொழியில் வாசித்துக்கொள்ளட்டும். உங்கள் வண்டியைப் பாதியில் நிறுத்தியதற்கு என்மேல் கோபம் இருந்தால், அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள். இந்த மீதியை நான் மிதிப்பதாக இல்லை.

டாக்டர் இப்போதுதான் வந்து போனார். இன்னொரு சோதனை பார்க்க வேண்டும், ராத்திரி இங்கேயே இருக்கட்டும், கொண்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று என்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரைக்கு உள்ளே நர்ஸின் குரல்: "இப்போ வேதன குறஞ்ஞோ?"

அப்பாவின் குரல், எனக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்க: "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. அவன்கிட்டச் சொல்லுங்க, ரெண்டு மொழியிலயும் இல்ல."

நல்ல பதில். உங்கள் வீட்டுப் பதில். இஞ்சி மிட்டாயை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறேன் அத்தை. குரலைக் கேட்டாயிற்று. முகத்தைப் பார்க்க உள்ளே போகிறேன்.